அடுத்த வீட்டுக்குக் கேட்காமல்

மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும். அப்படிப்பட்ட இடத்தில் காது கேட்காத புருஷனை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும். நான் அவரிடம் ஒன்றைச் சொன்னால் அது முதலில் தெருவுக்குத்தான் போய்ச் சேரும். எனக்கு வயிறு சரியில்லை என்றால்கூட, தண்ணீர் லாரிக்குக் குடம் தூக்கிப்போகும்போது நாலு பேர் விசாரிப்பார்கள்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓட்டியவர் அவர். தகடு வெட்டும் அந்த மிஷின்களுக்கு நடுவே நின்று நின்றே காது போயிற்று. அந்த ஷெட்டில் யாரும் காதை நம்பிப் பேசமாட்டார்கள். வாயை அகலமாகத் திறந்து ஒவ்வொரு சொல்லாக அசைப்பார்கள், எதிரே இருப்பவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். டீ வந்தது, சூப்பர்வைசர் வருகிறார், உன் மச்சினன் கல்யாணம் என்னாயிற்று, எல்லாம் உதட்டிலேயே நடக்கும். வீட்டிலும் அவர் அப்படித்தான். எதிரே உட்கார்ந்து பேசினால் பாதி புரியும். அடுப்பைப் பார்த்தபடி பேசினால் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன தை மாதம் எங்கள் மகள் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து நின்றாள். இனி புருஷன் வீட்டுக்குப் போகமாட்டேன் என்றாள். கன்றிப்போன அவள் கையைப் பார்த்தேன், ஏன் என்று கேட்கவில்லை. நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்று அவரிடம் சொல்லிவைத்தேன். அவர் பார்த்து முடித்த மாப்பிள்ளை ஆயிற்றே. அனுசரித்துப் போ என்று திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று மகளுக்கு பயம். எனக்கும்தான், இல்லை என்று ஏன் சொல்லவேண்டும்?

"நைனாகிட்ட நீயே சொல்லும்மா. தெருவுக்கு மட்டும் கேக்க வோணாம்" என்றாள்.

எழுதிக் காட்டலாமே என்பீர்கள். ஒரு தகப்பனிடம் துண்டுச்சீட்டில் சொல்கிற விஷயமா இது? சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தால் பாதிதான் புரியும், இதில் பாதி புரிந்து பிரயோசனமில்லை. வெகுநாளாகக் காது மிஷின் வேண்டாம் என்று அடம்பிடித்தவரை மறுநாளே அம்பத்தூரில் காது பார்க்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே காதைச் சோதிக்கிற ஒரு சின்னப் பெண் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள், அவர் திருப்பிச் சொன்னார். எல்லாம் சரி! என்னைத் திரும்பிப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். அடப்பாவி மனுஷா, இத்தனை வருஷம் நடித்தாயா என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அந்தப் பெண் அவர் கண் எங்கே போகிறது என்று கவனித்துவிட்டாள். ஓர் அட்டையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டு அதே குரலில் மறுபடி சொன்னாள். அவர் வாயே திறக்கவில்லை. அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவரும் வேண்டுமென்று செய்யவில்லை, பிரஸ்காரர்களுக்குக் கண்தான் காது.

மிஷினை மாட்டியதும் வழக்கம்போல் நான், கேட்குதா என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் தோள் தூக்கிப்போட்டது, ஆனால் நான் சொன்னது விளங்கவில்லை.

"கத்தாதீங்கம்மா" என்றாள் அந்தப் பெண். இந்த மிஷின் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி பெரிதாக்காதாம். சின்னச் சத்தத்தைத் தூக்கிவிடும், பெரிய சத்தத்தை அமுக்கும். கத்தினால் குரல் கரகரத்து, வாயும் கோணி, சொல் இன்னும் சிதைந்துதான் போகும். மின்விசிறி இரைச்சலைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் பேச்சைத் தனியாகப் பிரித்துக் கொடுக்காது. சத்தம் காதில் விழுவது வேறு, சொல் புரிவது வேறு. எதிரே உட்கார்ந்து, மெதுவாக, சாதாரணக் குரலில் பேசுங்கள், பழகப் பழகப் பிடிபடும் என்று அனுப்பினாள்.

அவருக்குப் பழகியதோ இல்லையோ, எனக்குப் பழகுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கத்தியே வளர்ந்த தொண்டை, சும்மா அடங்குமா? அவருக்கும் தொல்லைதான். பிளாஸ்டிக் கவர் சத்தம் காதைப் பிய்க்கிறது என்று கழற்றி எறிவார், நான் எடுத்து மாட்டிவிடுவேன். விசிறியை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்து, சாம்பார் உப்பு, மாடி வீட்டு நாய் என்று வாய்க்கு வந்ததைப் பேசிப் பழகினோம். மகள் உள் அறையிலேயே அடைந்து கிடந்தாள். என்றைக்குச் சொல்வாய் என்று அவள் கண் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவரை உட்காரவைத்துச் சொன்னேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் அவ்வளவு சின்னக் குரலில் நான் பேசியதே இல்லை. அவர் என் உதட்டைப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்தபடி காதாலேயே கேட்டுக்கொண்டார்.

"அட்ச்சானா?"

"ஆமாய்யா."

"எத்தினி நாளா?"

அதையும் சொன்னேன்.  முடிந்தது, திருப்பி அனுப்பத்தான் போகிறார் என்று நினைத்தேன். எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்தார். பிரஸ் ஷெட்டில் பேசுகிற குரலை எடுத்தார்.

"எம் பொண்ணு அவ ஊட்டுக்கு வந்துகீறா. இனிமே இங்கதான் இருப்பா. இதுல இன்னா குசுகுசு?"

அடுத்த வீட்டு மிக்சி நின்றது. உள்ளேயிருந்து மகள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கேட்டுச்சு நைனா. மெதுவா பேசு."

அவர் மெதுவாகப் பேசவில்லை. நானும் அவரை அடக்கவில்லை.