மாசி போடாத சீனிச் சம்பல்

எங்கள் வீட்டு நத்தார் மேசையில், அதாவது கிறிஸ்மஸ் விருந்தில், மரக்கறியை ஒரு மரியாதைக்குத்தான் வைப்போம். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடு, அப்பா துறைமுகத்தில் கிளார்க். அன்று பகல் சாப்பாட்டுக்கு முப்பது பேருக்குக் குறையாமல் வருவார்கள். கோழி, ஆட்டிறைச்சி, பாரை மீன் குழம்பு, இறால், கட்லட் என்று மேசையில் கை வைக்க இடம் இருக்காது. ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பருப்பும் இன்னொன்றில் போஞ்சியும் இருக்கும். அவற்றை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்த நாள் காலையில் அப்பா பாணோடு தின்று முடிப்பார்.

அந்த வருடம் என் கல்யாணம் அந்தச் சின்னக் கிண்ணங்களை நம்பித்தான் இருந்தது.

பம்பலப்பிட்டியில் நான் வேலை செய்த கந்தோரிலேயே நான் கட்ட இருந்தவரும் வேலை செய்தார். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடி அறை ஒன்றில் தாயோடு வாடகைக்கு இருந்தார். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். லண்டனில் படிக்க இடம் கிடைத்து விசாவும் வந்துவிட்டது. பெப்ரவரிக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்குள் எழுத்து, அதாவது கல்யாணப் பதிவு, முடிந்தால் நானும் மனைவியாகப் போகலாம். நான் இல்லாமல் போவதில்லை என்று அவர் நின்றார். வேதக்காரப் பெட்டை வேண்டாம் என்று தாய் நின்றார். யுத்தம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். பஸ்ஸில் குண்டு வெடிக்குமோ என்று பயப்படுவதா, அவருடைய அம்மா என்ன சொல்லப்போகிறாரோ என்று பயப்படுவதா என்று தெரியாமல் அந்த மாதங்களை ஓட்டினேன்.

கடைசியில் தாய் ஒரு படி இறங்கினார். "நத்தாருக்கு ஒருக்கா அவையின்ர வீட்ட வாறன். பார்த்திட்டுச் சொல்லுறன்" என்றாராம்.

இதைச் சொன்ன கையோடு அவர் இன்னொன்றையும் சொன்னார்.

"அம்மா மச்சம் சாப்பிடுறேல்ல. மீன், இறைச்சி, முட்டை ஒண்டும் இல்ல."

"சைவம்தானே. தெரியும்."

"அப்பிடி இல்ல. முந்தி மீன் இல்லாமச் சோறு இறங்காது அவவுக்கு. அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போன அண்டைக்கு விட்டவ. அவன் வந்து தன்ர கையால மீன் குழம்பு சாப்பிட்ட பிறகுதான் தானும் தொடுவன் எண்டு நேர்த்தி வைச்சிருக்கிறா."

அண்ணாவை ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோயிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. தாய் ஏறி இறங்காத கந்தோர் கொழும்பில் இல்லை. ஆள் இல்லை என்று மற்றவர்கள் மனதுக்குள் முடிவு கட்டி வருடங்களாகிவிட்டன. அந்த அம்மா முடிவு கட்டவில்லை. லண்டனுக்கு நீங்களும் வாருங்கள் என்று சின்ன மகன் கேட்டதற்கு, "வீடு பூட்டிக் கிடந்தா அவன் எங்க வாறது?" என்று கேட்டிருக்கிறார்.

ஆகவே அது வெறும் சாப்பாட்டுப் பழக்கம் இல்லை. அந்த அம்மா மீனைத் தொடாத வரைக்கும் மூத்த மகன் உயிரோடு இருந்தான். இதை நான் என் அம்மாவிடம் விளக்கியபோது அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த நிமிடமே, "அப்ப கேக்? கேக்கில முட்டை இருக்கே பிள்ளை, அது மச்சமா?" என்று கேட்டார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

நத்தாருக்கு முதல் கிழமை எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் சட்டிகளில் எத்தனை வருட மீன் ஊறியிருக்கிறதோ என்று நினைத்துப் புறக்கோட்டைக்குப் போய்ப் புதுச் சட்டிகள் வாங்கினேன். வரும் வழியில் செக்பொயிண்டில் ஒரு ஆமிக்காரன் ஒவ்வொரு சட்டியாக எடுத்துத் தட்டிப் பார்த்தான். புது அகப்பை, புதுத் தேங்காய் துருவி, புது வெட்டுப்பலகை. அப்பா தலையில் கை வைத்தார். "கல்யாணத்துக்கு முதலே சீதனமோ?" என்றார். நான் எரிந்து விழுந்தேன். அந்தக் கிழமை நான் எரிந்து விழாத ஆள் வீட்டில் இல்லை.

என்ன சமைப்பது என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் பெரிய இழுபறி. அம்மாவுக்கு மரக்கறி என்றால் பருப்பு, போஞ்சி. அதற்கு மேல் கற்பனை ஓடாது. மற்றவர்களுக்கு அது ஓரத்தில் வைக்கிற கறி, அவருடைய அம்மாவுக்கோ அதுதான் முழுச் சாப்பாடு என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது. கடைசியில் நானே முடிவு செய்தேன். மஞ்சள் சோறு, தேங்காய்ப்பாலில் கஜு, அதாவது முந்திரிப்பருப்புக் கறி, பொரித்து ஊறவைத்த கத்தரிக்காய் மோஜு, அன்னாசிக் கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல், வல்லாரைச் சம்பல், பப்படம். பிறகு சீனிச் சம்பல். மஞ்சள் சோற்றுக்குச் சீனிச் சம்பல் இல்லாவிட்டால் அது நத்தாரே இல்லை.

சீனிச் சம்பலில்தான் சிக்கல். அதற்கு உயிரே மாசி. மாலைதீவிலிருந்து வரும் காய்ந்த மீன் அது. கட்டை மாதிரி இருக்கும். இடித்துத் தூளாக்கிச் சம்பலுக்கும் சுண்டலுக்கும் போடுவோம். கொழும்பில் யாரும் அதை மீன் என்று நினைப்பதில்லை. உப்பு, மிளகாய்த்தூள் மாதிரி அதுவும் ஒரு சரக்கு. மாசி போடாமல் சீனிச் சம்பல் செய்யப் போகிறேன் என்றதும் அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஆனால் சரி என்றார். வீட்டிலிருந்த மாசிப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

நத்தார் அன்று காலைப் பூசைக்குப் போய், கோயில் வாசலில் சோதனைக்குக் கைப்பையைத் திறந்து காட்டி, உள்ளே போய் முழந்தாளிட்டால் ஒரு செபமும் வாயில் வரவில்லை. கஜுவை ஊறப் போட்டேனா என்ற யோசனைதான். வீட்டுக்கு வந்ததும் பின்பக்க முற்றத்தில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்து என் சமையலைத் தொடங்கினேன். குசினிக்குள் அம்மாவும் மாமியும். மாமி அப்பாவின் தங்கை, கொச்சிக்கடையில் இருப்பவர். ஒவ்வொரு நத்தாருக்கும் விடிய வந்து இரவுதான் போவார். வெள்ளை மனம். ஆனால் எந்தச் சட்டியையும் திறந்து பார்க்காமல் அவரால் கடந்து போக முடியாது.

"என்ன இது தனிக் குடித்தனம்?" என்று முற்றத்துக்கு வந்தார்.

"மாமி, இது எல்லாம் சைவம். உங்கட அகப்பையைக் கொண்டு வராதேங்கோ."

"சரி சரி, நான் என்ன உன்ர சட்டியைத் தின்னவே போறன்?"

வெங்காயத்தை மெல்லிய நெருப்பில் வதக்கினேன். கறுவாப்பட்டை, ஏலக்காய், ரம்பை இலை, புளி, மிளகாய், கடைசியில் சீனி. பார்வைக்கு அழகாகத்தான் வந்தது. வாயில் வைத்தால் ஏதோ குறைந்தது. உப்புப் போட்டேன். இன்னும் குறைந்தது. புளி விட்டேன். மாமி பக்கத்தில் நின்று ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "சப்பெண்டு கிடக்கு பிள்ளை" என்றார். பரவாயில்லை மாமி, விடுங்கோ என்று மூடி வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒரு மணியாகியும் வரவில்லை. விருந்தாளிகள் எல்லாரும் வந்து வைன் குடித்து, பிள்ளைகள் பட்டாசுக்கு அழுது (பட்டாசு கொளுத்தத் தடை), அப்பா இரண்டாம் தரம் "சாப்பிடுவமா?" என்று கேட்டுவிட்டார். நான் ஒழுங்கை முனைக்கும் வீட்டுக்கும் காலில் வெந்நீர் கொட்டினவள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தேன். மனம் மாறிவிட்டதோ? அல்லது வழியில் ஏதாவதோ? அன்றைக்கு வானொலியில் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததையும் நம்ப முடியவில்லை.

ஒன்றரைக்கு மேல்தான் ஒழுங்கை முனையில் அவர்கள் தெரிந்தார்கள். அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. தாய் சின்ன உருவம், வெள்ளைச் சேலை. கையில் ஒரு பையில் வாழைப்பழம்.

"புறக்கோட்டைக்குக் கிட்ட பஸ்ஸை மறிச்சிட்டாங்கள்" என்றார் அவர் தணிந்த குரலில். "பஹின்ன, பஹின்ன எண்டு சிங்களத்தில கத்தி ஆம்பிளையள் எல்லாரையும் இறக்கி லைனில விட்டாங்கள். என்ர ஐடியில யாழ்ப்பாணம் எண்டு இருக்குத்தானே. அரை மணித்தியாலம் நிக்க வைச்சு விட்டவங்கள்."

"அம்மா?"

"றோட்டுக்கு மற்றப் பக்கம் நிண்டவ. வெயிலுக்குள்ள."

வீட்டுக்குள் வந்ததும் தாய் வாழைப்பழப் பையை என்னிடம் தந்தார். என் அம்மா அவர் கையைப் பிடித்து, "வாங்கோ அக்கா, நத்தார் வாழ்த்துக்கள்" என்றதற்குத் தலையசைத்தார். கூடத்தின் ஒரு ஓரத்தில் அவருக்கென்று தனி மேசை போட்டு, புது விரிப்பு விரித்து, புதுக் கிண்ணங்களில் எல்லாம் வைத்திருந்தேன். மச்சக் கறிகள் இருந்த பெரிய மேசை கூடத்தின் அடுத்த பக்கம். அவர் உட்கார்ந்தார். மகனும் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பரிமாறினேன்.

கஜுக் கறியைத் தொட்டுப் பார்த்தார். "நல்லா அவிஞ்சிருக்கு" என்றார். மோஜுவையும் சாப்பிட்டார். பிறகு சீனிச் சம்பலை எடுத்துச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தார். மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தினார். உப்புக் கூடிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அவர் விழுங்கிவிட்டு, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். இனி ஓம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமி வந்தார்.

"எப்பிடி அக்கா சம்பல்? பிள்ளை செய்தது சப்பெண்டு கிடந்தது. அவள் றோட்டில நிண்ட நேரம் நான்தான் என்ர பையில கிடந்த மாசியை இடிச்சு ஒரு பிடி போட்டு வதக்கினனான். இப்பதான் அதில ருசி வந்திருக்கு" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

முகத்தில் ஈயாடவில்லை என்பார்களே, அப்படி நின்றோம், அம்மாவும் நானும். மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன? வெள்ளிக்கிழமையிலயும் போடுறனாங்கள்தானே?" என்றார். அவரில் பிழையில்லை. வெள்ளிக்கிழமையில் நாங்கள் இறைச்சிதான் தொடமாட்டோம், மீன் சாப்பிடலாம். மச்சம் இல்லாத சாப்பாடு என்றால் மாமிக்கு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. அதில் மாசி எப்போதும் உண்டு. அதை மாமிக்கு விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மகன் எழுந்துவிட்டார். "அம்மா, எழும்புங்கோ. வாயைக் கழுவுங்கோ" என்றார்.

தாய் எழவில்லை. கையைச் சோற்றிலிருந்து எடுக்கவும் இல்லை.

"இரு தம்பி" என்றார். "வாயில வைச்ச உடனயே தெரிஞ்சது. மாசியின்ர ருசி எனக்குத் தெரியாதே?"

தெரிந்தும் விழுங்கியிருக்கிறார். தெரிந்தும் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர் மகனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "இண்டைக்கு இவனை லைனில விட்டாங்கள் பிள்ளை. பெரியவனையும் உப்பிடித்தான் விட்டவங்கள். அண்டைக்கும் நான் றோட்டுக்கு மற்றப் பக்கம்தான் நிண்டனான். நேர்த்தி வைச்சன், விரதம் பிடிச்சன், எல்லாக் கந்தோரும் ஏறினன். இனி வைக்கிறதுக்கு என்னட்ட ஒண்டும் இல்ல. மிச்சம் இருக்கிறவனைக் கூட்டிக்கொண்டு போ. எழுத்தைக் கெதியா வையுங்கோ. எந்தக் கோயிலில எண்டாலும் பரவாயில்ல."

மாதக்கணக்காக நான் தூங்காமல் காத்திருந்த சொல் அது. வந்துவிட்டது. சந்தோஷம் வரவில்லை. அந்த அம்மாவின் காலடியில் விழுந்து, வேண்டாம், திருப்பி எடுங்கள், நாங்கள் போகவில்லை என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. நான் சொல்லவில்லை. போக வேண்டும் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அம்மா சுவரோடு சாய்ந்து அழத் தொடங்கினார். மாமியும் காரணம் தெரியாமலே கூட அழுதார். கூடத்தில் இருந்தவர்கள் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அம்மா மட்டும் அழவில்லை. தட்டை என் பக்கம் தள்ளினார்.

"அந்த மேசையில மீன் குழம்பு கிடக்கு என்ன? கொண்டு வந்து போடு."

"அம்மா..." என்றார் அவர்.

"போடட்டும்."

நான் போனேன். பெரிய மேசையில் பாரைக் குழம்புச் சட்டியில் அகப்பையை விட்டேன். இருந்ததில் சின்னத் துண்டாகத் தேடினேன். சின்னதாக இருந்தால் குறைவாக வலிக்கும் என்று நினைத்தேனாக்கும். திரும்பி வந்து தாயின் சோற்றின் மேல் வைத்தபோது மகன் முற்றத்துக்குப் போய்விட்டார். தாய் முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்து ஓரத்தில் வைத்தார். ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு அடுத்த வாய். தட்டு வெறுமையாகும் வரைக்கும் நான் பக்கத்தில் நின்று பரிமாறினேன், ஒரு மருமகளாக.