வெங்காய வியாபாரி தொடங்கிய கிளப்

மைசூர் மண்டி மொஹல்லாவுக்குப் பக்கத்து மைதானம். பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதே என்று கோட்டோரம் நின்று ஃபுட்பால் பார்க்கிறேன். கோல் கீப்பரான லாரி டிரைவருக்குக் கால் சுளுக்கிவிட, அவர் அணியில் மிச்சம் பத்துப் பேர். மண்டியில் மூட்டை தூக்குகிற கேப்டன் நேராக என்னிடம் வருகிறார்.

"அக்கா, கோல்ல நிக்கிறீங்களா?"

"நானா? நாற்பத்தெட்டு வயசுப்பா எனக்கு. ஆடவே தெரியாது."

"பரவால்லக்கா. அவர் போட்ட ரூல்."

பூட்ஸ் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கும் பழைய படத்தில் ஒரு தலைப்பாகைக்காரரைக் காட்டுகிறார். விக்டோரியா ராணி காலத்து வெங்காய வியாபாரி, நகரசபை மெம்பர். கிளப்பைத் தொடங்கியவர்.

"ஆள் கம்மின்னா கோட்டோரம் நிக்கிறவங்களைக் கூப்பிட்டே ஆகணும். வீடு வீடா ஓட்டுக் கேட்டவரு, சும்மா நிக்கிறவங்களை விடுவாரா? வாங்கக்கா!"

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஆடும்போது அவர்களுடைய பைகளைக் காவல் காத்தவள் நான்.

மூன்று கோல் விடுகிறேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. நான்காவது பந்து என் வயிற்றில் பட்டுத் திரும்புகிறது. பத்துப் பேரும் கத்திக்கொண்டு ஓடிவருகிறார்கள். அந்த வெங்காயக்காரரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருக்கிறது.

கோட்டோரத்தில், கால் சுளுக்கிய டிரைவர் என் பையை மடியில் வைத்துக் காவல் காக்கிறார்.