மர ஊமத்தை பூத்த சாயங்காலம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபது வருடத்துக்கு மேலாக செஞ்சியில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறேன். கரண்ட் வந்தால் சுற்றும், வராவிட்டால் நிற்கும், நடுவில் வேறொன்றும் கிடையாது என்பதுதான் எனக்குத் தெரிந்த உலகம். அமாவாசைக்குப் பேயோட்ட மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்து, இத்தனை பேருக்கும் வேலை வெட்டி இல்லையா என்று கேட்டவன். அதனால் நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

என் மனைவி சுமதி மகளிர் குழுவோடு ஏற்காடு டூர் போனபோது, ஏதோ வேலியோரத்தில் இருந்து ஒரு கொம்பை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, டிபன் பையில் வைத்துக் கொண்டுவந்தாள். மர ஊமத்தையாம். நம்மூர் ஊமத்தை வானத்தைப் பார்த்துப் பூக்கும், இது ஆள் உயரத்துக்கு வளர்ந்து, பூ தரையைப் பார்த்துத் தொங்கும், ஒரு முழ நீளம் வரும் என்றாள். விஷச்செடியை வீட்டில் வைக்காதே என்றேன். "யாரு திங்கப் போறா? எட்ட நின்னு பாக்கறதுக்கு இன்னா?" என்றாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பாசத்தைக் காட்ட அவளுக்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது, நானும் விட்டுவிட்டேன்.

குளிர் மலைச்செடி எங்கள் ஊரில் என்ன பாடுபடும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கோட்டை மலைப் பாறைகள் ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைத் திருப்பி ஊதும். சிமெண்டுத் தொட்டியில் வைத்து, பச்சை வலை கட்டி, மில்லில் இருந்து மல்லாட்டை, அதான் வேர்க்கடலைத் தோல் மூட்டை வாங்கிவந்து வேரில் கொட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். அப்படியும் இரண்டு வருடம் மொட்டு வைப்பதும் உதிர்வதுமாகவே போயிற்று. ஒரு பூவைக்கூட அவள் பார்க்கவில்லை.

போன வருடம் கத்திரி வெயிலில் ஒரு நாள், பதினோரு மணிக்கு, கடைக்குப் போன் செய்தாள். "ஏங்க, காலையிலர்ந்து தல சுத்துது. வந்து ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறீங்களா?" என்றாள். நான் ஒரு விவசாயியின் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன், அவரும் கடை வாசலில் காத்திருந்தார். "மோரு குடிச்சிட்டுப் படு. சாயந்திரம் வரேன்" என்றேன். "சரி, செடிகிட்டயே நிக்கிறேன். வந்ததும் கெளம்பிடலாம்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. மூன்று மணிக்குத் தெருக்காரர்கள் கூப்பிட்டார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாளாம், குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்ததாம். வெயில் தாக்கிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அந்தப் போனைப் பற்றி நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

செடியைக் கவனிக்க ஆளில்லாமல் இலையெல்லாம் கருகி வெறும் குச்சியாக நின்றது. ஆடியில் இரண்டு மழை விழுந்ததும், நம்புங்கள் நம்பாமல் போங்கள், அடித்தண்டில் இருந்து துளிர் வந்தது. அதன் பிறகு அவள் செய்ததை எல்லாம் நான் செய்தேன். வலையை மாற்றிக் கட்டினேன், தோல் மூட்டை வாங்கிவந்தேன், தொட்டுவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். ஆவணி கடைசியில் மடக்கிய குடை மாதிரி மொட்டுகள் தொங்கின, ஒன்றும் உதிரவில்லை. ஒரு நாள் கடையில் இருந்து வந்து வண்டியை நிறுத்துகிறேன், பொழுது சாய்கிற நேரம், வாசலெல்லாம் வாசனை. எலுமிச்சையும் சாம்பிராணியும் கலந்த மாதிரி. ஏழெட்டுப் பூக்கள் ஒன்றாக விரிந்திருந்தன. காம்புப் பக்கம் வெண்ணெய் நிறம், விளிம்பில் பப்பாளிப் பழத்தின் உள்நிறம். அவள் போன பிறகு ஒரு அஞ்சு நிமிடம் எனக்கு நன்றாக இருந்தது என்றால் அந்த அஞ்சு நிமிடம்தான்.

அப்போது பக்கத்து வீட்டு ரேவதி மதில் மேல் எட்டிப் பார்த்தாள். அவளும் அவள் புருஷனும் திண்டிவனத்தில் இருந்து ஆடிக்கு முன்னால்தான் அங்கே குடிவந்தவர்கள். சுமதியைப் பார்த்ததே இல்லை, தெருவில் யாரோடும் இன்னும் பழகவும் இல்லை. அவள் போட்டோவைக்கூட நான் சுவரில் மாட்டவில்லை, மாட்டத் தைரியம் இல்லை.

"அண்ணே, அக்காகிட்ட ஒரு கொம்பு கேட்டுனே இருக்கேன், குடுக்க மாட்டேங்கறாங்க. நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள்.

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதான். நீலக்கலர் நைட்டி, தோள்ல துண்டு. தினம் சாயந்திரம் இந்தச் செடிகிட்ட நிக்கிறாங்களே."

சுமதி விழுந்த அன்றைக்கு உடுத்தியிருந்தது அதுதான். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். "இவங்கதான்" என்றாள். இறந்து நாலு மாதம் ஆகிறது என்று சொன்னதும் மதிலைப் பிடித்துக்கொண்டாள். நான் பயப்படவில்லை, ஏன் என்று தெரியவில்லை. சுமதி என்ன பேசினாள் என்று மட்டும் கேட்டேன்.

"எப்ப கேட்டாலும் ஒண்ணே ஒண்ணுதாண்ணே. 'அவரு சாயந்திரம் வரேன்னாரு, வந்ததும் கெளம்பணும், அப்பறம் தரேன்'னு சொல்லுவாங்க."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மாலை ரேவதியைக் கையெடுத்துக் கும்பிட்டு மதிலருகே நிற்க வைத்தேன். "இருக்காளாம்மா?" என்றேன். இருக்கிறாள் என்று தலையாட்டினாள். "எங்க?" என்றேன். "உங்க பக்கத்துலயேண்ணே. ஆனா உங்கள பாக்கல. கேட்டையே பாத்துனு இருக்காங்க." நான் அந்தப் பக்கம் திரும்பி, "சுமதி, வந்துட்டேன், வா போலாம்" என்றேன். காற்றுகூட அசையவில்லை. பூ வாசனைதான் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய், கடையில் இருந்து வருகிறவன் போல ஹாரன் அடித்துக்கொண்டு மறுபடி கேட்டுக்குள் வந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. ரேவதி அழுதுகொண்டே சொன்னாள்: "வண்டி சத்தத்துக்குத் தலைய தூக்கினாங்கண்ணே. அப்பறம் மறுபடி தெருவையே பாக்கறாங்க. நீங்க வந்தது அவங்களுக்குத் தெரியல."

மெடிக்கல் ஷாப்பில் இருக்கிற என் சிநேகிதன், அந்தப் பூ வாசனைக்கே மூளை குழம்பும், அந்தப் பொண்ணு கண்டதை உளறுகிறது என்றான். நீங்களும் அதைத்தான் நினைப்பீர்கள். நானும் நினைத்துப் பார்த்தேன். மனசைக் கல்லாக்கிக்கொண்டு அத்தனை பூவையும் மொட்டையும் அறுத்துக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே போட்டுவிட்டு வந்தேன். அன்று மாலையும் ரேவதி அதே இடத்தைத்தான் காட்டினாள். வாசனையால் புத்தி கெட்டது என்றே வைத்துக்கொள்வோம். எனக்கும் சுமதிக்கும் மட்டும் தெரிந்த பேச்சு அதில் எங்கிருந்து வரும்?

ரேவதியின் புருஷன் நல்லவன். "மலையனூருக்குப் போயி அக்காவ அனுப்பி வெச்சிடுங்கண்ணே" என்றான். அடுத்த அமாவாசைக்கு, நான் கேலி செய்த அதே ஸ்பெஷல் பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். கோயில் வாசல் வரை கூட்டம் தள்ளிக்கொண்டு போயிற்று. அங்கே நின்று யோசித்தேன். அவளை விரட்டச் சொல்லவா வந்தேன்? என்னை நம்பி நிற்கிறவளை, நான் வராமலேயே போகச் சொல்வதா? எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். சரியா தப்பா, இன்றைக்கும் தெரியாது.

கார்த்திகையில் ரேவதி வீட்டார் காலி செய்துவிட்டார்கள். அவள் மாசமாக இருந்தாள், அவள் அம்மா இங்கே இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். குற்றம் சொல்ல முடியாது. சாமானெல்லாம் ஏற்றிய பிறகு, வண்டியில் ஏறப் போனவள் திரும்பி வந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று நின்றாள்.

"அண்ணே, பத்து நாளா அக்கா நிக்கறதில்ல. தொட்டியப் புடிச்சிக்கினு கீழ உக்காந்துட்டாங்க. காலு ரெண்டும் வீங்கிப் போயிருக்குது. வலிக்குதாக்கான்னு கேட்டேன், ஆமான்னாங்க" என்றாள்.

செத்துப்போனவளுக்குக் கால் வலிக்குமா? நீங்களே சொல்லுங்கள். யாரிடம் கேட்டாலும் சிரிக்கிறார்கள், இல்லாவிட்டால் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கு இன்னும் யாரும் வரவில்லை. அவள் அங்கே இருக்கிறாளா, போய்விட்டாளா என்று சொல்ல ஆளில்லை. நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவந்து, தெருவைப் பார்க்கிற மாதிரி தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கோடையும் முடிந்து செடி மறுபடி பூத்துவிட்டது. தினமும் மாலையில் எதிரில் நின்று பார்க்கிறேன். என் கண்ணுக்கு அது காலி நாற்காலிதான்.