தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு கல்யாணப் படம்

இப்போதெல்லாம் கல்யாண வீட்டில் பொண்ணுக்கு எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் நான் கேமராப் பெட்டியைத் திறப்பதில்லை. படக்காரருக்கு வாய் நீளம் என்று கிள்ளானில் கேலி செய்வார்கள். செய்துகொள்ளட்டும்.

இந்தத் தொழிலுக்கு வருமுன் ஏழு வருஷம், நிலம் அளக்கும் சர்வே துரையோடு காட்டில் அலைந்தவன் நான். ரயில் பாதை போகவேண்டிய மலையையும் பாறையையும் படம் பிடிப்பேன். பாறையின் அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு கூலியாளை நிறுத்துவோம். அவன் முகம் யாருக்கு வேண்டும்? ஆள் உயரம் தெரிந்தால் போதும்.

குளிர்காய்ச்சல் என்னைக் காட்டிலிருந்து துரத்தியது. பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து கல்யாணப் படம் எடுக்கத் தொடங்கினேன். மற்றவர்கள் அரண்மனையும் அன்னமும் வரைந்த திரைக்கு முன்னால் ஜோடிகளை உட்காரவைத்தார்கள். அந்தத் திரையைக் கண்டாலே எனக்கு எரிச்சல். எல்லோரையும் வெயிலுக்கு இழுத்து வருவேன். மரமும் வானமும் முழுசாகப் படத்தில் விழும்வரை கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். அவ்வளவு தலைக்கனம்.

ரயில்வே கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தண்டவாள வேலை. பொண்ணு ஊரிலிருந்து சித்தப்பாவோடு கப்பலேறி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தூங்குமூஞ்சி மரத்தடியில் இருவரையும் நிறுத்தினேன்.

"அண்ணே, ஊர்ல அம்மா பாக்கணும். மூஞ்சி நல்லாத் தெரியும்ல?" என்று பொண்ணு கேட்டாள்.

"தெரியும்மா. ஆடாம நில்லு" என்று சொல்லிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். மரத்தின் உச்சி விழுந்ததா என்பதில்தான் என் கவனம்.

படம் ஊருக்குப் போய் மூன்று மாதம் கழித்து மாப்பிள்ளை ஒரு கடிதத்தோடு வந்தார். பொண்ணின் அம்மா யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருந்தாள். மரம் நன்றாக இருக்கிறதாம். அதன் கீழே நிற்பது தன் மகள்தான் என்று எல்லோரும் சொல்கிறார்களாம். முகம் தெரிகிற மாதிரி வேறு படம் இருந்தால் அனுப்ப வேண்டுமாம். படித்துக் கூசிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துத் தருகிறேன் என்றேன். அன்று மழை. அடுத்த ஞாயிறு கிள்ளானில் ஒரு கல்யாணம், அதற்கடுத்த வாரம் இன்னொன்று. லைன் வீடு பக்கத்தில்தானே இருக்கிறது, எங்கே ஓடிப்போகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

ஒரு காலையில் மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். காய்ச்சல் நாலே நாளில் அவளைக் கொண்டுபோயிருந்தது.

"இப்பவாச்சும் வந்து மூஞ்சிய எடுங்கண்ணே" என்றார்.

வழக்கப்படி அவளைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, வாசலில் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். முதல்முறையாக ஒரு முகத்துக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், கேமராவை வைத்தேன். ஆடாமல் இருக்கும்படி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படம் விழுந்த கண்ணாடித் தகட்டைக் கழுவிப் பார்த்தபோது புருவத்து மயிர்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவ்வளவு சுத்தமான படம் அதுவரை எனக்கு விழுந்ததில்லை. இதையா அந்தத் தாய்க்கு அனுப்புவது? மாப்பிள்ளை கேட்டு வந்த அன்று கண்ணாடி உடைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். செய்தது சரியா தப்பா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவர் கோபப்படவில்லை.

"எனக்கு எழுத வராதுண்ணே. கல்யாணத்தன்னிக்கு அவ எப்படி இருந்தான்னு நீங்களே அத்தைக்கு எழுதிடுங்க. எங்க எல்லாரையும்விட நீங்கதானே நல்லாப் பாத்தவரு."

காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்காலியில் சாய்ந்திருந்த முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. கல்யாணத்தன்று அவள் சிரித்தாளா, அழுதாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.