இருபது மீட்டர் ஹோஸ்

என் மனைவிக்கு வலது தோள் இறுகிப்போய் ஒரு வருஷம் ஆகிறது. தலைமுடியைக்கூடப் பின்னிக்கொள்ள முடியாதவள், வெள்ளாயணிப் பக்கம் குத்தகைக்கு எடுத்த பயற்றுத் தோட்டத்தை மட்டும் விடமாட்டேன் என்றாள். பூச்சிக்கு மருந்தடிக்கத் தெளிப்பானை முதுகில் மாட்டினால், ஒரு வரிசை முடிவதற்குள் வலியில் அவள் முகம் வெளுத்துவிடும். நான் அடிக்கிறேன் என்றால் இலைக்கு அடியில் படவில்லை என்று பிடுங்கிக்கொள்வாள். உண்மைதான், எனக்குப் பொறுமை கிடையாது.

சாலைக் கடைத்தெருவில் முப்பது வருஷம் ஹார்டுவேர் கடையில் நின்றவன் நான். பெண்டாட்டியின் தோளுக்கு ஒரு மிஷின் செய்யத் துப்பில்லையா என்று எனக்கே ரோஷம் வந்தது. இரும்பு ஆங்கிளில் ஒரு சட்டம் அடித்தேன். அடியில், சேற்றில் சறுக்கி வர முனை வளைத்த இரண்டு பட்டைகள். மேலே ஐம்பது லிட்டர் டிரம், ஸ்கூட்டர் பாட்டரி, சின்ன பம்பு. நான் கயிற்றைப் பிடித்து இழுக்க, அவள் இடது கையால் ஹோஸைப் பிடித்தபடி நடந்தால் போதும். ஓடைக்கு அப்பால் ஒரு வரிசை உண்டு. சட்டம் அங்கே போகாது, இருபது மீட்டர் ஹோஸ் எட்டிவிடும் என்று நினைத்தேன்.

டிரம்மும் ஹோஸும் ஆரியசாலையில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தன. டிரம்மை மூன்று நாள் சோப்புப் போட்டுக் கழுவினேன். தலையை உள்ளே விட்டு முகர்ந்தும் பார்த்தேன். ஹோஸைக் காட்டி, "எஸ்டேட்டுல கிடந்ததாக்கும் அண்ணாச்சி, ஒரு கீறல் கிடையாது" என்றார் கடைக்காரர். ஹோஸைப் பார்த்தால் ஹார்டுவேர்காரர்களான எங்களுக்கு ஒரே கேள்விதான், ஒழுகுமா? ஒரு முனையை அடைத்துத் தண்ணீரில் அமுக்கிக் காற்றடித்தேன். குமிழி வரவில்லை. அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

வேப்பெண்ணெயையும் சோப்பையும் கரைத்து ஊற்றி முதல் நாள் அடித்தோம். "வலியே தெரியல்ல, கேட்டேளா" என்று சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடைக்கு அப்பால் உள்ள வரிசையைத் தானே முடித்துக்கொள்வதாகச் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினாள்.

நாலாம் நாள் கொழுந்துகள் சுருண்டன. பூச்சிதான் என்று முடிவு கட்டினேன். "கொஞ்சம் பொறுங்க, கிருஷிபவன்ல காட்டிக்கிட்டு அடிப்போம்" என்று அவள் சொன்னாள். நான் கேட்கவில்லை. சோப்பைக் கூட்டிப் போட்டு மறுபடியும் அடித்தேன், கடைசி வரிசையை அன்றும் அவளிடம் விட்டுவிட்டுப் போனேன்.

கிருஷிபவனிலிருந்து வந்த பெண் வேளாண்மை அதிகாரி, முறுக்கிக்கொண்டு நின்ற தண்டுகளைப் பார்த்துவிட்டு நேராக என் மிஷினுக்கு முன்னால் குந்தினார். இதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டார். டிரம்மை நன்றாகக் கழுவினேன் என்றேன்.

"ஹோஸோ?" என்றார்.

ஏதோ எஸ்டேட்டில் கிடந்ததாம் என்றேன். அங்கே களைக்கொல்லி அடித்த ஹோஸாக இருக்கும் என்றார். அது ரப்பருக்குள் ஊறிக் கிடந்திருக்கும், வெறும் தண்ணீருக்கு முழுக்க வராது, சோப்பும் எண்ணெயும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டன என்றார். என்ன செய்யலாம் என்று கேட்டேன். "இனி ஒண்ணும் செய்யானில்லா" என்று எழுந்துகொண்டார்.

ஆனாலும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஓடைக்கு இப்பால் நின்ற ஒவ்வொரு செடியையும் கழுவினேன். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தேதான் செய்தேன். செடிகள் சட்டென்று சாகவும் இல்லை. பத்து நாள் முறுக்கிக்கொண்டே நின்று பூவை உதிர்த்தன. ஓணத்துக்குக் காய் பறிக்கலாம் என்றிருந்தவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

செடிகளைப் பிடுங்கிக்கொண்டே போனபோதுதான் ஓடைக்கு அப்பால் இருந்த வரிசையைப் பார்த்தேன். பச்சைப்பசேலென்று நின்றது, காயும் பிடித்திருந்தது.

"ஹோஸ் அங்க எட்டல்ல" என்றாள். "நீங்க வீட்டுக்குப் போனதும் ரெண்டு தடவையும் பழைய தெளிப்பானை மாட்டிக்கிட்டு நான்தான் அடிச்சேன்."

"ஏன் சொல்லலை?"

"அவ்வளவு சந்தோஷமா நின்னேளே."

அந்த ஒரு வரிசைக்கு மறுபடி மருந்தடிக்கும் நாள் வந்தது. நான் கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அவளே தெளிப்பானை எடுத்தாள். வார் வலது தோளில் ஏறவில்லை. பின்னால் போய் அதைத் தூக்கி மாட்டிவிட்டேன்.