வெயில் தின்னும் எலும்புக்கூடுகள்

இந்த ஆகஸ்டில் சென்னம்மாளின் பொறுப்பில் பன்னிரண்டாயிரம் எலும்புக்கூடுகள் இருந்தன. எல்லாம் குழந்தைகளுக்கான கறுப்பு டீ-சர்ட்டில் அச்சடித்தவை. அக்டோபர் கடைசியில் வெளிநாட்டுப் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள்; அதற்காக முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி எடுத்த ஆர்டர் அது. விளக்கை அணைத்தால் எலும்புகள் பச்சையாக ஒளிர வேண்டும். ஒளிர்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது செக்கிங் பிரிவைக் கவனிக்கும் சென்னம்மாளின் வேலை.

வயது ஐம்பத்து மூன்று. ஊர் சாமளாபுரம் பக்கம். கல்யாணத்துக்கு முன்பு ஆடு மேய்த்தார். பிறகு முழுக்கக் கம்பெனிதான். குறை தேடியே பழகிய கண் வீட்டிலும் சும்மா இருக்காது. மருமகள் தமிழ்மதி நீட்டும் காபியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகே குடிப்பார். மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் ஜாக்கெட் தையலைத் திருப்பிப் பார்த்தவர் என்று செக்கிங் மேசையில் இன்னும் சிரிக்கிறார்கள்.

எலும்புக்கூடுகளையும் அவர் ஒரு பட்டியாகவே நடத்தினார். "இது காட்டு மிருகம் ஒச்சாயி," என்று பக்கத்து ஸ்டூல்காரியிடம் விளக்கினார். "வெயிலத்தான் திங்கும், வேற தீனி ஆகாது. மொட்டை மாடியில மேய உட்டுப்போட்டு, வயிறு ரொம்புனதும் இருட்டு ரூமுக்கு ஓட்டிக்கிட்டு வரோணும்."

ஒச்சாயி உசிலம்பட்டியிலிருந்து பிழைக்க வந்தவர். "கடிக்குமாக்கா?" என்றார்.

"வாயப் பாரு, பூராப் பல்லு. கடிக்காம? ஆனா கூச்சம் ஜாஸ்தி. ஆளு வந்தாப் பதுங்கிக்கும்."

"குட்டி போடுமோ?"

"ரெண்டு வயசு சைஸெல்லாம் பின்ன என்னவாமா?"

மை வெடித்திருந்தால் சொறி. தொடை எலும்பு கோணலாக விழுந்திருந்தால் நொண்டி. இரண்டையும் பட்டியிலிருந்து தனியே பிரித்துவிடுவார். மாடியில் வெயில் காட்டிய பீஸ்களை ஆட்கள் கூடையில் கொண்டுவர, காலை முழுக்க இருட்டறைக்குள் உட்கார்ந்து பார்ப்பார்கள் இருவரும். முதல் வாரம் எல்லாம் சுகம்.

அப்புறம்தான் சென்னம்மாள் அந்த வெள்ளைக் கேனைப் பார்த்தார். ஒச்சாயியின் ஊர்க்காரரான பிரிண்டிங் மாஸ்டர் மாதவன் அதிலிருந்து எதையோ ஒளிரும் மையில் ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தார். ஆளைக் கண்டதும் கேனை மூடியதுபோல் இவருக்குத் தோன்றியது. விலை கூடிய மை. கலப்படம் செய்துவிட்டு, நல்ல பீஸாகப் பொறுக்கிக் கூடையில் அனுப்பினால் யாருக்குத் தெரியும்?

மாதவனிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தானே மாடி ஏறினார். உச்சி வெயிலில் பட்டிக்குக் காவல் நின்றார். கூடையையும் தானே சுமந்து வந்து இருட்டறைக் கதவைச் சாத்தினார். எலும்புகள் மங்கிக் கிடந்தன; ஒரு பார்வை பார்த்ததோடு அடுத்த கூடைக்கு மாடி ஏறிவிட்டார். அடுத்த நாளும் அப்படியே. சந்தேகம் உறுதியாகிவிட்டது. மேனேஜர் ரத்தினசாமியிடம் போய்ச் சொன்னார்.

"நெசமாலுமா? நானே பாக்கறனுங்க. மங்கலா இருந்துதுன்னா மாதவன் இன்னைக்கே ஊட்டுக்குப் போலாம்," என்றார் ரத்தினசாமி.

இருவரும் மாடியில் நின்று, அவர்களே பொறுக்கிய பீஸ்களோடு நேராக இருட்டறைக்குள் நுழைந்தார்கள். உள்ளே ஒச்சாயி காலையிலிருந்தே இருந்தார். பீஸ்களைச் சுவரோரம் விரித்துவிட்டு, மாதவனையும் கூப்பிட்டு நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள்.

"எங்கீங்க? ஒண்ணையுங் காணமே," என்றார் ரத்தினசாமி.

"எல்லாம் நிக்கிது சார். எனக்குப் பளிச்சுன்னு தெரியுதே," என்றார் ஒச்சாயி.

"உங்கூர்க்காரனுக்கு நீ பேசாம வேற யாரு பேசுவா?" சென்னம்மாள் பாய்ந்தார்.

"ஊரு அவரு ஊருதாங்க்கா. கண்ணு என்னுது."

"அந்த வெள்ளைக் கேன்ல என்னய்யா ஊத்துன?"

"பைண்டர், அக்கா. துணியில மை ஒட்டுறதுக்கு ஊத்துறது. எல்லாப் பட்டறையிலயும் ஊத்துவாங்க." மாதவனின் குரல் தடித்தது. "கேட்டிருந்தா கையில குடுத்திருப்பேனே. பிள்ளைக்கு ஸ்கூல் இங்க, வீடு இங்க. இந்தப் பேரோட எந்தப் பட்டறைக்குப் போவேன்?"

ரத்தினசாமி கண்ணைக் கசக்கிக்கொண்டு இருட்டையே பார்த்து நின்றார். ஐந்தாறு நிமிஷம் ஆகியிருக்கும். பிறகு ஒரு மூலையில் பல்வரிசை தெரிந்தது. அடுத்து விலா எலும்புகள். ஆள் அசையாமல் நின்றால் புதரைவிட்டு வருவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக, பெரியதும் குட்டியுமாக மொத்தக் கூட்டமும் பச்சையாக வந்து நின்றது.

"இதென்னங்க, இப்ப வருது?" என்றார் ரத்தினசாமி.

"வெயில்லருந்து நேரா வந்தீங்கள்ல சார். கண்ணு இருட்டுக்குப் பழக வேணாமா?" என்றார் ஒச்சாயி.

சென்னம்மாளுக்கு விளங்கிவிட்டது. முன்பு அவர் காலை முழுக்க இருட்டிலேயே இருந்தார். காவலுக்கு மாடி ஏறிய நாளிலிருந்துதான் எலும்புகள் மங்கின.

"தப்பா நெனச்சுக்காத சாமி," என்றார் மாதவன் பக்கம் திரும்பி.

"பரவால்லக்கா." மாதவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

ரத்தினசாமி பின்னாலேயே போய், வேலைக்கு ஒரு பங்கமும் இல்லை என்றார். மாதவன் தலையாட்டிவிட்டு மைத் தட்டைக் கழுவப் போனார். மறுநாள் காலை, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சென்னம்மாள் அந்தக் கேனை ஒருமுறை முகர்ந்து பார்த்ததை ஒச்சாயி பார்த்திருக்கிறார்.

லாட் முழுவதும் தேறி, லாரி தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் முதல் மாதவன் பல்லடம் ரோட்டில் வேறொரு பிரிண்டிங் பட்டறையில் வேலைக்குச் சேர்கிறார்.