அம்மா ஜெயித்த பட்டிமன்றம்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு முறைதான் பட்டிமன்றம் நடந்தது. தலைப்பு, சிங்கப்பூருக்குக் குடிபோவதா, மலேசியாவில் எங்கள் சிற்றூரான லாபிஸிலேயே இருப்பதா என்பது. அப்பா நடுவர். அம்மாவும் அண்ணனும் நானும் பேச்சாளர்கள். வீட்டில் இருந்ததே நான்கு பேர் என்பதால் உட்கார்ந்து கேட்பதற்கு ஆள் மிஞ்சவில்லை.

அப்பாவுக்குப் பட்டிமன்றப் பைத்தியம் உண்டு. தீபாவளி, பொங்கல் என்றால் முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஓர் அணிக்காரர் பேசும்போது “சரியான பாயிண்ட்” என்று தொடையில் தட்டுவார். எதிரணிக்காரர் எழுந்து அதை மறுத்துப் பேசும்போதும் அதே தொடையில் அதே தட்டு. யார் பேசினாலும் அவருக்கு நியாயமாகத்தான் படும். குடும்பத்தின் மிகப்பெரிய முடிவை அவர் அந்த வழியில் எடுக்க நினைத்ததில் இப்போது எனக்கு ஆச்சரியம் இல்லை.

விஷயம் இதுதான். அம்மா லாபிஸில் அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருந்தாள். குழந்தைகளை நிறுப்பது, தடுப்பூசி போடுவது, அழுகிற குழந்தையையும் அதைவிட அதிகமாக அழுகிற தாயையும் சமாதானப்படுத்துவது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன், பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர் என்கிற ஜொகூர் பாருவில், நாங்கள் ஜேபி என்று சொல்கிற ஊரில், பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக் கூடத்தில் இருந்தவள். சிங்கப்பூரில் தாதியாக வேலை செய்த சித்தி, அங்கே அதே மாதிரி வேலை காலியாக இருக்கிறது என்று சொல்லி அம்மாவை விண்ணப்பிக்க வைத்தாள். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள்.

நாங்கள் நால்வரும் ஒரு நாள் போய்வந்தோம். அந்தப் பயணத்தில் எனக்கு நன்றாக நினைவிருப்பது இரண்டு. ஒன்று, சாப்பாட்டுக் கடையில் அப்பா எதைப் பார்த்தாலும் விலையை எங்கள் மலேசிய வெள்ளிக்கு மாற்றிப் பெருக்கிப் பார்த்து, கடைசியில் “எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க” என்று தண்ணீர் குடித்தது. இன்னொன்று, அம்மா நடந்த வேகம். லாபிஸில் அப்பா முன்னால் நடப்பார், அம்மா பின்னால் காய்கறிப் பையோடு வருவாள். அங்கே அம்மா முன்னால் போனாள். சாலை விளக்கு பச்சையானதும் முதல் ஆளாக இறங்கிக் கடந்தாள். நானும் அப்பாவும் அண்ணனும் மூச்சுவாங்கப் பின்னால் ஓடினோம். புதுச் செருப்பு கடிப்பதால்தான் சீக்கிரம் போய் உட்காரப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

வேலை கிடைத்துவிட்டது. பதில் சொல்லக் கொஞ்ச நாள் கொடுத்திருந்தார்கள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் தினமும் ஒரே உரையாடல்தான். சோற்றைப் பிசைந்தபடி அப்பா கேட்பார்: “நீ என்ன சொல்ற?”

“நான் என்னங்க சொல்றது? நீங்க சொல்றதுதான்.”

“வேல ஒனக்குத்தானே வந்திருக்கு. நீதான் சொல்லணும்.”

“கடை ஒங்களோடதாச்சே. நீங்க சொல்லுங்க.”

இரண்டு பேரும் அந்த முடிவைச் சூடான சட்டி மாதிரி மாற்றி மாற்றிக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே வைக்க யாருக்கும் மனசில்லை.

கடை என்பது அப்பாவின் மோட்டார் பட்டறை. ஊரில் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள்தான். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் நாங்கள் குடியிருந்த வீடு. இடையில் ஒரு கதவு. அந்தக் கதவைத் திறந்தால் மசகு எண்ணெய் வாசனையும் மூடினால் தாளிக்கிற வாசனையும் வரும்.

ஜொகூரில் அப்போது வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, பள்ளிக்கும் கடைக்கும். அன்று காலைப் பசியாறியதும் அப்பா கூடத்து நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போட்டார். தனக்கு நடுவில் ஒன்று.

“இன்னிக்கு இத பேசி முடிச்சிருவோம். யாரும் மனசுல இருக்கறத சொல்ல மாட்டேங்கிறீங்க. சரி, சொல்ல வேணாம். எதிர்ப் பக்கம் பேசுங்க,” என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. விளக்கினார். வேலை அம்மாவுக்கு வந்திருக்கிறது, ஆகையால் அம்மா இருக்க வேண்டும் என்று பேச வேண்டும். அண்ணன் பள்ளிக்கூடக் காற்பந்துக் குழுவில் இருந்தான். போக மாட்டேன் என்று ஏற்கெனவே ஒருநாள் சாப்பிடாமல் படுத்திருந்தான். ஆகையால் அவன் போக வேண்டும் என்று பேச வேண்டும். அப்படிப் பேசினால்தான் ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு நியாயத்தைப் பார்க்க முடியுமாம்.

“தங்கச்சி?” என்றான் அண்ணன்.

“அவ அம்மா பக்கம்லா. அம்மா எங்க போனாலும் பின்னாடிதான் போவா.”

“தீர்ப்பு சொன்னா அதுதான் முடிவா?” அம்மா கேட்டாள்.

“அதுதான் முடிவு,” என்றார் அப்பா. அவர் குரல் நடுவர் குரலாகிவிட்டிருந்தது.

அண்ணன் முதலில் எழுந்தான். வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தான்.

“நடுவர் அவர்களே, லாபிஸ்ல என்ன இருக்கு? ஒரு ரயில் ஸ்டேஷன் இருக்கு. அது எதுக்கு இருக்கு? ஊர விட்டுப் போறதுக்கு!”

அப்பா தொடையில் தட்டினார். அந்தத் தட்டு அண்ணனுக்குப் போதையேற்றிவிட்டது. அதன் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. அங்கே நூலகம் இருக்கிறது, பூங்கா இருக்கிறது, புல் தரைத் திடலில் விளக்கு வெளிச்சத்தில் காற்பந்து ஆடலாம், பஸ் சொன்ன நேரத்துக்கு வரும் என்று அடுக்கினான். வாடகை அதிகம்தான், பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பதும் கஷ்டம்தான், ஆனால் அதிகம் செலவாகிற ஊரில்தானே அதிகம் சம்பாதிக்கவும் முடியும் என்றான். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “அம்மா இங்க என்ன செய்றாங்க? பாப்பாவத் தூக்கி நிறுக்கறாங்க. அம்மா படிச்சது அதுக்கா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான்.

அப்பா இந்த முறை தொடையில் தட்டவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

பிறகு எழுந்து பேசினாள். அந்தப் பேச்சு மாதிரி மோசமான பேச்சை நான் எந்தப் போட்டியிலும் கேட்டதில்லை.

“லாபிஸ்ல காத்து நல்லா இருக்கும். கொசு இருக்கு, ஆனா நமக்குப் பழகுன கொசு. அப்புறம், டுரியான் சீசன்ல டுரியான் பழம் கெடைக்கும்.”

“சிங்கப்பூர்லயும் கெடைக்கும்மா!” என்றான் அண்ணன்.

“அப்படியா? சரி, அந்தப் பாயிண்ட எடுத்துருங்க,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு வரிக்கு வரி எனக்குக் கைச்செய்கை சொல்லிக்கொடுத்து மூன்றாம் பரிசாவது வாங்க வைத்தவள் அவள். இப்போது தோற்பதற்கென்றே பேசுகிறவளைப் போல ஏன் பேசுகிறாள்? அணியின் மானம் என் கையில் இருப்பதாக நினைத்து எழுந்தேன். எங்கள் வீட்டு ரம்புத்தான் மரத்தைப் பற்றிப் பேசினேன். அடுத்த வருஷம் என்னை வகுப்புத் தலைவி ஆக்குவதாக டீச்சர் சொல்லியிருப்பதைச் சொன்னேன். சிங்கப்பூரில் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க என்னால் முடியாது என்று முடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒன்றும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அப்போது பட்டறையின் இரும்புக் கதவை யாரோ தட்டினார்கள். விடுமுறை என்று தெரிந்தும் வந்திருந்தவர் ஒரு மலாய்ப் பெரியவர். தொழுகைக்குப் போகிற வழியில் மோட்டார் நின்றுவிட்டதாம். அப்பா “ஒரு நிமிஷம்” என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நிமிஷம் நீண்டது. இடைக்கதவு திறந்தே இருந்தது. அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பெரியவர் ஏதோ சொல்ல, அப்பா சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. பெரியவரின் பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன ஆயிற்று என்று விசாரித்தார். பெரியவர் இவரிடம் எங்கள் அண்ணனின் காற்பந்தைப் பற்றி விசாரித்தார். மோட்டார் உறுமியது. பெரியவர் சட்டைப்பைக்குள் கைவிட்டபோது அப்பா அவர் தோளைத் தட்டி, நேரமாகிவிட்டது, முதலில் போங்கள் என்று அனுப்பினார். அவர் போன பிறகும் அப்பா உடனே உள்ளே வரவில்லை. பட்டறை நடுவில் நின்று, சுவரில் மாட்டியிருந்த டயர்களையும் ஸ்பேனர்களையும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி என் காலரைச் சரிசெய்ய வந்த அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “அப்புறம்? ரெண்டு பக்கமும் பேசியாச்சு. தீர்ப்பு சொல்லிறலாமா?”

“நான் இன்னும் முடிக்கல,” என்றாள் அம்மா.

எழுந்து நின்றாள். இந்த முறை நடுவர் அவர்களே என்றெல்லாம் சொல்லவில்லை.

“அங்க போனா நாலு பேருக்கு ஒரு ரூம்பு. சமைக்கறதுக்குக்கூட வீட்டுக்காரங்ககிட்ட கேக்கணும். ஜேபியில வீடு எடுத்துக்கிட்டு தெனம் போய்ட்டு வரலாம்னு சொல்வீங்க. இருட்டோட போய் இருட்டோட வரணும். புள்ளைங்க முகத்த வெளிச்சத்துல பாக்க முடியாது. சரி, அதெல்லாம் எப்படியோ சமாளிக்கலாம். இவருக்கு அங்க வேல கெடைக்காதா? கெடைக்கும். யாரோ ஒரு முதலாளிகிட்ட நிக்கணும். புள்ளைக்குக் காய்ச்சல், போகட்டுமான்னு கேக்கணும். இவருக்கு யார்கிட்டயும் கேட்டுப் பழக்கமில்ல. கேக்க மாட்டாரு. வாயத் தொறக்காமலே இருந்து இருந்து ஒருநாள் சிரிக்கறதையும் விட்டுருவாரு.”

“நடுவரப் பத்திப் பேசக் கூடாது,” என்றார் அப்பா.

“நடுவரும் இந்த வீட்டுலதானே இருக்காரு.”

அண்ணன் விடுவதாக இல்லை. ஜெயிக்கிற நேரத்தில் ஆட்டம் கைமாறுவதைப் பார்த்த பதற்றம் அவனுக்கு. “அப்ப அம்மா மட்டும் போகட்டும்! வாரா வாரம் வந்துட்டுப் போகலாம்ல!” என்று கத்தினான்.

சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. அப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

“அப்ப எனக்கு யாரு சடை பின்னுவா?” என்று நான் கேட்டேன். என் அணிக்கு வலுச்சேர்க்கிற நல்ல கேள்வி என்றுதான் கேட்டேன்.

அம்மா வாயை மூடிக்கொண்டாள். பிறகு சிரித்தாள். “அவ்வளவுதான். தீர்ப்பு சொல்லுங்க,” என்றாள்.

அப்பா எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, இரண்டு அணியும் சிறப்பாக வாதாடியதாகச் சொன்னார். பட்டிமன்றத்தில் எல்லா நடுவரும் சொல்வதுதான். ஆனாலும் குடும்பம் ஒன்றாக, நிம்மதியாக இருப்பதையே முக்கியமாகக் கருதி, லாபிஸிலேயே இருப்பது என்று தீர்ப்பளித்தார். நான் குதித்தேன். அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கி, ஜெயித்த குத்துச்சண்டை வீரருக்குச் செய்வதுபோல் ஆட்டினேன். அவளும் ஆட்டவிட்டாள்.

அண்ணன்தான் பாவம். எந்த ஊருக்குப் போகமாட்டேன் என்று சாப்பிடாமல் படுத்தானோ, அதே ஊருக்குப் போக முடியவில்லையே என்று அன்று மத்தியானம் சாப்பிடாமல் படுத்தான். தன் பேச்சில் தானே மயங்கிவிட்டான். “நல்லா பேசுனா அப்படித்தான்டா, பேசுனவனே நம்பிருவான்,” என்று அப்பா அவனைத் தேற்றினார். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணனே அப்படி மாறிவிட்டான் என்றால், அவனைவிட நன்றாகப் பேசிய அம்மா எவ்வளவு மாறியிருப்பாள்!

அம்மா சித்திக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னாள். சித்தி அந்தப் பக்கம் கத்தியது கூடம் வரைக்கும் கேட்டது. அம்மா “ம், ம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓய்வு பெறும்வரை அந்தக் கிளினிக்கிலேயே வேலை செய்தாள். ஊரில் இன்றைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் பாதிப் பேரைக் குழந்தைகளாக அவள் தூக்கித் தராசில் நிறுத்திருக்கிறாள். நான் இப்போது ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன். இருட்டோடு போய் இருட்டோடு வருகிறேன். அவள் சொன்ன எதிலும் பொய் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டுப் போனேன். அம்மா குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, தன் வெள்ளைச் சீருடைகளைக் கையால் துவைத்துக்கொண்டிருந்தாள். துவைப்பதென்றால் சாதாரணமாக இல்லை. சிமெண்டுத் தரையில் அடித்து, முறுக்கி, மறுபடியும் அடித்தாள். பக்கத்திலேயே துவைக்கும் இயந்திரம் மூடி திறந்து காலியாக நின்றது.

“மெஷின் கெட்டுப்போச்சாம்மா?” என்று கேட்டேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. “ஆமா,” என்றாள். “நீ உள்ள போ. தண்ணி தெறிக்குது.”

அவள் முகத்திலும் நிறையத் தெறித்திருந்தது.

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது அப்பாவின் கறைபடிந்த சட்டைகளைப் போட்டு அந்த இயந்திரம் நன்றாகவே சுற்றிக்கொண்டிருந்தது. நான் தூங்கிய நேரத்தில் அப்பா அதைச் சரிசெய்துவிட்டார் என்று நினைத்தேன். எங்கள் அப்பாவுக்கு மோட்டார் மட்டுமல்ல, வீட்டில் எது கெட்டுப்போனாலும் சரிசெய்யத் தெரியும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.